பாத்திரம் கழுவிய நீரும் ஒரு தகரப் பட்டையும்

இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். நன்றாகத் தேய்த்துக் கழுவிய ஒரு தாம்பாளத்தில் விளிம்புவரை நீர் ஊற்றி, அது அசையாமல் நிற்கும்வரை பொறுத்திருங்கள். அதன்மேல் மிளகுப் பொடியை மெல்லத் தூவுங்கள். பொடி மிதக்கும். இப்போது விரல் நுனியில் சிறிது சோப்பைத் தடவிக்கொண்டு நீரின் நடுவில் தொடுங்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் பொடி முழுவதும் விளிம்புக்கு ஓடிவிடும்.

சோப்பு பொடியைத் தள்ளிவிட்டது என்றுதான் என் வகுப்பில் பலரும் விடை சொல்வார்கள். அது சரியல்ல. நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய மத்தளத் தோல் போன்றது. அதன் ஒவ்வொரு பகுதியும் அண்டைப் பகுதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே அளவு இழுப்பதால் பொடி நகராமல் நிற்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு கட்சியினர் கை தளர்ந்தால் கயிறு எதிர்க்கட்சியின் பக்கம் ஓடுகிறதல்லவா? சோப்பு பட்ட இடத்தில் நீரின் பிடி தளர்கிறது. விளிம்புப் பக்கத்து நீர் பொடியை இழுத்துக்கொள்கிறது. இந்த இழுப்பைத்தான் பாடப் புத்தகங்கள் பரப்பு இழுவிசை என்கின்றன.

சோப்பு மட்டுமல்ல, எண்ணெயும் இப்படித் தளர்த்தும். ஆனால் எவ்வளவு எண்ணெய் எவ்வளவு தளர்த்தும்? வேடிக்கை முடிந்து இயற்பியல் தொடங்குவது இந்தக் கேள்வியில்தான். இதற்கு விடை தேடிய வரலாறு விந்தையானது. ஏறக்குறைய ஒவ்வொரு கட்டத்திலும் அது சமையலறைப் பக்கம் திரும்புகிறது.

1757-இல் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் கடற்பயணம் ஒன்றில் இருந்தார். உடன் சென்ற கப்பல்களில் இரண்டின் பின்னால் மட்டும் கடல் அலையின்றி வழவழப்பாக இருப்பதைக் கண்டு, காரணம் என்னவென்று தலைவரைக் கேட்டார். சமையல்காரர்கள் எண்ணெய்ப் பிசுக்குள்ள கழுநீரைக் கொட்டியிருப்பார்கள் என்று பதில் வந்தது. ஃப்ராங்க்ளின் அதை மறக்கவில்லை. பின்னர் லண்டன் அருகே கிளாப்பம் என்னுமிடத்தில் ஒரு குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றினார். ஏறக்குறைய அரை ஏக்கர் பரப்பு கண்ணாடிபோல் அமைதியாயிற்று. 1774-இல் இது அச்சில் வந்தது.

நாம் ஒரு கணக்குப் போடுவோம். தேக்கரண்டி 5 கன செ.மீ. என்றும், அரை ஏக்கர் 2,000 சதுர மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், அந்த எண்ணெய்ப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் இரண்டரைப் பங்கு! ஃப்ராங்க்ளின் இந்த வகுத்தலைச் செய்யவில்லை. செய்திருந்தால் ஒரு மூலக்கூறின் அளவுக்கு மிக அருகில் வந்திருப்பார். பல பெரியவர்கள் இப்படிக் கதவின் முன்னால் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

அடுத்து வருபவர் பெரியவர் அல்லர், ஓர் இளம்பெண். ஆக்னஸ் பாக்கெல்ஸ் 1862-இல் இத்தாலியின் வெனிஸ் நகரில் பிறந்தார். அப்போது அந்நகரம் ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. தந்தை ஆஸ்திரியப் படை அதிகாரி. மலேரியாவால் உடல்நலம் கெட்டு அவர் வேலையிலிருந்து விலகவே, 1871-இல் குடும்பம் ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக் நகருக்குக் குடிபெயர்ந்தது. ஆக்னஸ் அங்கே பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். இயற்பியலில் தணியாத ஆர்வம். ஆனால் அந்நாளில் பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்ப்பதில்லை. படிப்பு அதோடு நின்றது. நோயுற்ற பெற்றோரைக் கவனிப்பதும், வீட்டு வேலைகளும் அவருடையவை ஆயின. மூன்று வயது இளைய தம்பி ஃப்ரீட்ரிக் காட்டிங்கன் பல்கலைக்கழகம் சென்று இயற்பியல் பயின்றார். பின்னாளில் படிக ஒளியியலில் ‘பாக்கெல்ஸ் விளைவு’ என்று பெயர் பெற்றது அவருடைய ஆராய்ச்சிதான். தம்பியின் பாடப் புத்தகங்களே அக்காவின் பல்கலைக்கழகம்.

ஆக்னஸ் பாத்திரம் கழுவும்போது எண்ணெய்ப் பிசுக்கு மிதக்கும் நீரை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். இது பிற்காலத்தார் கட்டிய கதையோ என்று ஐயுற வேண்டாம். தம்பியின் மனைவியே எழுதிவைத்த குடும்பக் குறிப்பில் இது உண்மைதான் என்று உறுதி சொல்லியிருக்கிறார். 1880-இல், பதினெட்டு வயதில், அழுக்குப் படிந்த நீர்ப்பரப்பு தூய நீரைப் போல நடந்துகொள்வதில்லை என்பதை ஆக்னஸ் கண்டார்.

இங்கே வாசகர் சற்று நிற்க வேண்டும். எண்ணெய் மிதக்கும் கழுநீரை அன்று கோடிக்கணக்கான பெண்கள் நாள்தோறும் மூன்று வேளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்ததற்காக ஆக்னஸைப் போற்ற வேண்டியதில்லை. அவர் அளந்தார் என்பதே செய்தி. இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பலரும் கழுநீரோடு கதையை முடித்துவிடுகிறார்கள். அடுத்த பத்தாண்டு உழைப்பு மறைந்துபோகிறது.

1882 வாக்கில் அவர் அமைத்த கருவி இதுதான்: 70 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. உயரமுள்ள ஒரு தகரத் தொட்டி. அதில் விளிம்புவரை நீர். தொட்டியின் குறுக்கே, அடிப்பக்கம் நீரைத் தொடும்படி, ஒன்றரை செ.மீ. அகலமுள்ள ஒரு தகரப் பட்டை. பட்டையை நகர்த்தினால் அதன் ஒரு பக்கத்து நீர்ப்பரப்பு சுருங்கும், மறுபக்கத்துப் பரப்பு விரியும். இழுவிசையை அளக்க, பொத்தான் அளவில் 6 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறு வட்டத் தகட்டை நீர்ப்பரப்பில் படியவைத்து, அதைப் பிய்த்து எடுக்க எவ்வளவு எடை வேண்டியிருக்கிறது என்று ஒரு சிறு தராசினால் பார்த்தார்.

இதன் நுட்பம் என்ன தெரியுமா? எண்ணெயின் விளைவை அறிய விரும்பும் எவரும் மேலும் மேலும் எண்ணெய் விடத்தான் நினைப்பார்கள். ஆக்னஸோ எண்ணெயை அப்படியே விட்டுவிட்டு, அது பரவியிருக்கும் இடத்தைக் கூட்டிக் குறைத்தார். மேலும், நீரின் மேலுள்ள கண்ணுக்குத் தெரியாத அழுக்கை எப்படி நீக்குவது என்பது அக்கால ஆய்வாளர்களுக்குப் பெரும் தலைவலி. வாசலைப் பெருக்குவதுபோல் பட்டையால் அழுக்கை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய தூய பரப்பில் அவர் சோதனை செய்தார்.

முடிவு எதிர்பாராததாக இருந்தது. பட்டையை நகர்த்திப் பரப்பைச் சுருக்கும்போது, வெகு தூரம்வரை இழுவிசையில் மாற்றமே இல்லை. தூய நீர் போலவே இருந்தது. குறிப்பிட்ட ஓர் இடம் வந்ததும் இழுவிசை சட்டென்று சரியத் தொடங்கியது. பெரிய கோயில் பிராகாரத்தில் ஐம்பது பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கயிற்றை ஒரு பக்கமிருந்து நகர்த்தி இடத்தைக் குறுக்கினால் முதலில் யாரும் கவலைப்படமாட்டார்கள். தோளோடு தோள் முட்டும்போதுதான் நெரிசல் தொடங்கும். ஆக்னஸ் தம் தொட்டியில் கண்டது அந்த முதல் முட்டலைத்தான்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? பட்டம் இல்லை, பதவி இல்லை. இங்கிலாந்தின் ராலே பிரபு நீர்ப்பரப்பு பற்றி ஆராய்ந்துவருவதை அவர் அறிந்தார். ராலேயின் கருவியும் வீட்டுச் சரக்குதான். குளிக்கப் பயன்படும் 84 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தொட்டியில் நீர் நிரப்பி, கற்பூரத் துணுக்குகளை மிதக்கவிட்டு, அவற்றின் ஆட்டத்தை நிறுத்த எவ்வளவு ஆலிவ் எண்ணெய் தேவை என்று பார்த்திருந்தார். ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகவே தேவைப்பட்டது. அதன்படி படலத்தின் தடிமன் மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் 1.6 பங்கு.

1891 ஜனவரி 10-ஆம் நாள் ஆக்னஸ் அவருக்கு ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் எழுதினார். பல காரணங்களால் விஞ்ஞான இதழ்களில் தம்மால் வெளியிட இயலாத நிலையைச் சொல்லி, தம் சோதனைகளை விளக்கியிருந்தார். முன்பின் அறியாத 28 வயதுப் பெண்ணின் கடிதம். அதைக் குப்பைக் கூடையில் போட்டிருந்தால் கேட்பார் இல்லை. அதிலிருந்த செய்திகளைத் தம் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திராது. ராலே தம் மனைவியைக் கொண்டு அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பினார். மிக எளிய வீட்டுச் சாதனங்களைக் கொண்டு மதிப்புமிக்க முடிவுகளுக்கு வந்திருக்கிறார் என்று பாராட்டி, கடிதத்தின் முற்பகுதி தாம் செய்த ஆராய்ச்சியையே பெரும்பாலும் தொடுகிறது என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். மார்ச் 12 இதழில், ‘பரப்பு இழுவிசை’ என்ற தலைப்பில் ஆக்னஸின் பெயரோடு கடிதம் வெளியாயிற்று. 1904-இல் ராலே நோபல் பரிசு பெற்றார், அது வேறு ஆராய்ச்சிக்கு. எனக்கு அவர்மேல் மதிப்பு ஏற்பட்டது இந்தக் கடிதத்தினால்.

ஆக்னஸ் கண்ட அந்த முட்டலின்போது எண்ணெய்ப் படலம் சரியாக ஒரு மூலக்கூறு தடிமன் உடையது என்று 1899-இல் ராலே விளக்கம் தந்தார். 1917-இல் அமெரிக்காவின் இர்விங் லாங்மியூர் அதே வகைத் தொட்டியைச் செம்மைப்படுத்தினார். நீளம் வேறுபட்ட கொழுப்பு அமில மூலக்கூறுகள் நீரில் ஒரே அளவு இடத்தையே அடைப்பதைக் கண்டார். அப்படியானால் அவை படுத்திருக்கவில்லை. நட்ட நாற்றுப்போல் அடி நீரிலும் நுனி காற்றிலுமாக நிமிர்ந்து நிற்கின்றன! லாங்மியூருக்கு 1932-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஆய்வுக்கூடங்களில் அந்தத் தொட்டிக்கு லாங்மியூர் தொட்டி என்றே பெயர். அதே 1932-இல் பிரௌன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் எழுபது வயதான ஆக்னஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1935-இல் அவர் காலமானார்.

அவர் கண்டிராத ஒரு பயனும் உண்டு. 1957-இல் ஜான் கிளமென்ட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர், நுரையீரலிலிருந்து எடுத்த சாற்றை இத்தகைய ஒரு தொட்டியில் பரப்பிப் பட்டையை நகர்த்தினார். பரப்பு சுருங்கச் சுருங்க இழுவிசை மிகவும் தாழ்ந்தது. மூச்சு விடும்போது நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிச் சுருங்கிவிடாமல் காப்பது இதுதான். குறைமாதத்தில் பிறந்து மூச்சுத் திணறி இறந்த குழந்தைகளிடம் இந்தப் பொருள் போதாமல் இருந்ததை 1959-இல் ஏவரி, மீட் என்ற இருவர் காட்டினர். 1980-இல் ஜப்பானில் ஃபுஜிவாராவும் அவர் குழுவினரும் அப்பொருளை வெளியிலிருந்து குழந்தைகளின் நுரையீரலில் செலுத்திப் பயன் கண்டனர். இப்போது உலகெங்கும் இது வழக்கமான சிகிச்சை.

ஆக்னஸின் தொட்டியை நீங்களும் செய்யலாம். நீள்சதுரமான ஒரு தட்டைச் சோப்பிட்டுக் கழுவி, சோப்பு அறவே போகும்படி பலமுறை அலசுங்கள். உட்புறத்தை விரலால் தொடாதீர்கள். விரலில் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். விளிம்புக்குச் சற்று மேலே நிற்கும்படி நீர் நிரப்புங்கள். கழுவி உலர்த்திய அடிக்கோல் ஒன்றைக் குறுக்கே வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தள்ளிப் பரப்பைப் பெருக்குங்கள். பெருக்கிய தூய பகுதியில் இன்னோர் அடிக்கோலை, சிறிது இடம் விட்டு, ஓர் ஓரத்தில் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே கற்பூரத் துணுக்குகளைப் போட்டால் அவை சுழன்று ஓடும். ஊசி நுனியை நல்லெண்ணெயில் தோய்த்து, துணியால் துடைத்துவிட்டு நீரைத் தொடுங்கள். ஆட்டம் உடனே நின்றுவிட்டால் எண்ணெய் அதிகம். தட்டைக் கழுவி மறுபடி தொடங்குங்கள். ஆட்டம் தொடர்ந்தால், இரண்டாவது அடிக்கோலை மெல்ல மெல்ல உள்ளே நகர்த்துங்கள். ஓரிடத்தில் கற்பூரம் நின்றுவிடும். கோலைப் பின்னுக்கு இழுங்கள், மீண்டும் ஆடும். நின்ற இடத்தைத் தட்டின் விளிம்பில் பென்சிலால் குறித்துக்கொண்டு, இன்னொரு முறை தள்ளி, அதே கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள்.