மலைநாட்டுக் கிறித்தவப் பாடசாலைகளும் ஆசிரியப் பதவியும்: ஒரு வரலாற்று நோக்கு

மலைநாட்டுத் தமிழரின் கல்வி வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மாணவரை முன்னிறுத்தியே எழுதியுள்ளனர். எத்தனை பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர், எத்தனை பேர் இடையில் நின்றனர், எத்தனை பேர் கொழுந்து மலைக்குத் திரும்பினர் என்பனவே அவர்தம் வினாக்கள். இவை இன்றியமையாத வினாக்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்பிள்ளைகளுக்கு முன்னால் நின்ற ஆசிரியர் யார், அவரை அவ்விடத்தில் நிறுத்தியவர் யார், தோட்டத்து லயத்திற் பிறந்த ஒருவன் அந்த ஆசனத்தில் அமர விரும்பியபோது அவனிடம் கேட்கப்பட்ட தகுதி எது என்னும் வினாக்கள் அவ்வளவு அக்கறையுடன் எழுப்பப்படவில்லை. நுவரெலியா, ஹட்டன் பகுதிகளிலே ஆசிரியப் பதவி ஒரு தொழில் மட்டுமன்று. மலையை விட்டு நீங்காமலே லயத்தை விட்டு நீங்குவதற்கு நெடுங்காலம் இருந்த மிகச் சில வழிகளுள் அதுவும் ஒன்று. ஆதலின் அப்பதவியின் வாயிலைக் காத்து நின்றோரின் வரலாறு அச்சமூகத்தின் வரலாற்றினின்றும் பிரித்தற்கரியது. அவ்வாயில் கிறித்தவப் பாடசாலைகளிலேயே முதலில் அமைந்தது.

கோப்பிப் பயிர் செழித்திருந்த 1854ஆம் ஆண்டிலே கண்டியை மையமாகக் கொண்டு 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கப்பெற்றது. இங்கிலாந்துத் திருச்சபைச் சங்கத்தாரின் மேற்பார்வையும் தோட்டத் துரைமாரின் நன்கொடையும் சேர்ந்து அதனை நடத்தின. பெயரே அதன் காலத்தையும் மனப்பாங்கையும் காட்டிவிடுகின்றது. அம்மிஷனின் முதல் ஊழியர் இலங்கையிலே பிறந்தவரல்லர். திருநெல்வேலியிலிருந்து வரவழைக்கப்பட்ட உபதேசியார்களே தோட்டந் தோட்டமாக நடந்து சென்று ஓதியும் ஓதுவித்தும் வந்தனர். பாளையங்கோட்டைப் பகுதியில் அச்சங்கத்தார் 1820ஆம் ஆண்டு முதலாகவே சபைகளையும் பள்ளிகளையும் வளர்த்திருந்தமையால், எழுத்தறிந்த தமிழ்க் கிறித்தவர் அங்கே போதிய அளவில் இருந்தனர். மலைநாட்டில் அத்தகையோர் இல்லை. எனவே தொழிலாளி எவ்வழியே கடல் கடந்து வந்தானோ, ஏறத்தாழ அவ்வழியே அவனுடைய ஆசிரியனும் வந்தான். ஒருவனைக் கங்காணி அழைத்து வந்தான். மற்றவனைக் குருவானவர் அழைத்து வந்தார். வேறுபாடு அவ்வளவே எனலாம்.

இத்தொடக்கம் பின்வந்த நூறாண்டுக்கு ஒரு முத்திரையை இட்டுச் சென்றது. ஆசிரியனும் உபதேசியும் ஒருவனாக இருந்தமையால், கற்பிக்கும் ஆற்றலுக்கு முன்னதாக ஞானஸ்நானமும் குருவானவரின் நற்சான்றும் வேண்டப்பட்டன. தோட்டத் தொழிலாளரோ மிகப் பெரும்பான்மையினர் மாரியம்மனையும் முனியாண்டியையும் வழிபட்ட சைவ மரபினர். ஆகவே எழுத்தறிந்த லயத்து இளைஞன் ஒருவன் மிஷன் பள்ளியிலே பதவி நாடியபோது, தன் குடும்பத்தின் வழிபாட்டைப் பற்றியும் அவன் ஒரு முடிவுக்கு வரவேண்டியிருந்தது. இதனை முழுவதும் மதமாற்ற முயற்சியென்று கண்டிப்பது எளிது. ஆனால் அது நேர்மையான தீர்ப்பாகாது. தொழிலாளியின் பிள்ளைக்கு எழுத்தறிவு வேண்டுமென்று எண்ணிய துரைமார் அக்காலத்தில் மிகச் சிலரே. எழுதப் படிக்கத் தெரிந்தவன் கொழுந்து பறிக்க வரமாட்டான் என்பதே துரைமாரிடையே மேலோங்கியிருந்த அச்சம். அவ்வச்சத்தையும் மீறி ஒரு சிலேட்டைப் பிள்ளையின் கையில் வைத்தவர்கள், தம் நோக்கம் யாதாயினும், அதனை வைத்தார்கள்.

மிஷன் பள்ளியின் பக்கத்திலே லயப் பள்ளியும் இருந்தது. பெரியகங்காணி ஒருவரின் ஆதரவில், லயத்தின் வாசலிலோ கோயிற் கொட்டகையிலோ, எழுத்தறிந்த ஒருவர் மாலைப்பொழுதில் அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பார். தமிழகத்துத் திண்ணைப் பள்ளியின் தேய்ந்த வடிவமே இது. அவருக்குக் கூலி பெற்றோர் கொடுத்த அரிசியும் சில்லறையும். இத்தகைய ஆசிரியர்க்கு அரசாங்கப் பதிவேட்டில் இடமில்லை. ஆயினும் மலைநாட்டில் எழுத்தறிவின் முதற்படியைப் பலர் அவரிடமே கற்றனர்.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட முகாமையின் பொறுப்பாக்கின. பாடசாலைகளின் தொகை பெருகிற்று; அதனோடு ஆசிரியப் பதவிகளும் பெருகின. ஆனால் எத்தகைய பதவி? ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புகள். காலைப் பெரட்டுக் களத்திலே துரையின் முகக்குறிப்பறிந்து, பிள்ளைக்காம்பராவுக்கு அருகே பள்ளியைத் திறந்து, தம்பி தங்கையரை இடுப்பிற் சுமந்துவரும் சிறுமியரை வரிசைப்படுத்தி, ஆய்வாளர் வரும் நாளில் வரவு இடாப்பு நிறைந்திருக்கும்படி பார்த்துக்கொள்வதே அவருடைய நாளாந்தக் கடமை. வரவுக்கும் பரீட்சைப் பேற்றுக்கும் ஏற்ப அரசாங்க உதவிப்பணம் கிடைத்தமையால், இடாப்பு நிறைவது தோட்டத்திற்கும் வேண்டியதாயிற்று. பள்ளி கலைந்த பின் தொழிலாளர்க்கு இந்தியாவிலிருந்து வந்த கடிதங்களைப் படித்துக் காட்டுவதும், மறுமொழி எழுதிக் கொடுப்பதும், சில தோட்டங்களில் கணக்கப்பிள்ளைக்குக் கணக்கில் உதவுவதும் அவர் வேலையே. துரை, கங்காணி, கல்வித் திணைக்களம் என மூவர்க்கும் அவர் கட்டுப்பட்டவர். 1921ஆம் ஆண்டின் சட்டம் தொழிலாளியைப் பிணித்த துண்டு முறையை ஒழித்தது. ஆசிரியரைப் பிணித்திருந்த மூவர் கட்டு எச்சட்டத்தாலும் அறுக்கப்படவில்லை.

உண்மையான ஏணி நகரத்தில் இருந்தது. 1880களின் நடுப்பகுதியில் புகையிரதப் பாதை ஹட்டனையும் நானுஓயாவையும் எட்டியபின், அவ்விடங்களைச் சூழ்ந்து கடைத்தெருக்களும் தேவாலயங்களும் பாடசாலைகளும் எழுந்தன. மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்தோர் 1892இல் ஹட்டனில் நிறுவிய பள்ளியே பின்னர் ஹைலன்ஸ் கல்லூரியாகப் புகழ்பெற்றது. கத்தோலிக்கத் துறவியரின் கன்னியர் மடப் பள்ளிகளும், ஹட்டன் புனித யோன் பொஸ்கோ கல்லூரியும், நுவரெலியாவின் பரிசுத்த திரித்துவப் பாடசாலையும் காலப்போக்கில் இந்நிரையிற் சேர்ந்தன. இங்கே ஆங்கிலம் கற்பிக்கப்பட்டது. தோட்டப் பள்ளியின் ஐந்தாம் வகுப்புக்கும் இவ்வாங்கிலப் பள்ளிக்கும் இடையேயிருந்த தூரம் மைல்களால் அளக்கக்கூடியதன்று. கங்காணிமாரின் பிள்ளைகளும் கணக்கப்பிள்ளைமாரின் பிள்ளைகளும் கடைக்காரரின் பிள்ளைகளும் அதனைத் தாண்டினர். சாதாரணத் தொழிலாளியின் பிள்ளை தாண்டியது அரிது; கட்டணமும் விடுதிச் செலவும் அவன் குடும்பத்தின் மாத வருவாய்க்கு அப்பாற்பட்டிருந்தன.

இந்நகரப் பாடசாலைகளில் கற்பித்தவர் யாவர்? தலைமை ஐரோப்பிய மிஷனரிமாரிடம் இருந்தது. அவர்க்குக் கீழே வகுப்பறைகளை நிறைத்தோருள் யாழ்ப்பாணத்தவர் மிகப் பலர். இதற்குக் காரணம் வெளிப்படை. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியைத் தொடங்கிய காலத்தில் மலைநாடு பெரும்பாலும் காடாகவே இருந்தது. மலைநாட்டிலே தேயிலை வேரூன்றிக்கொண்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணம் ஆங்கிலங் கற்ற இளைஞரைத் தன் தேவைக்கு மேலாகவே ஆக்கி வைத்திருந்தது. கோப்பாய் முதலிய இடங்களின் பயிற்சிக் கலாசாலைகளும் அங்கேயே இருந்தன. நல்லாசிரியர் பலர் அவ்வழி மலையேறி வந்தனர். அவர்களிடங் கற்றோர் பலர் அவர்களை நன்றியுடன் நினைவுகூர்வதை இன்றும் கேட்கலாம். ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. மொழியால் ஒன்றுபட்டிருந்தும், 'தோட்டத்துப் பிள்ளை' என்ற சொல்லை ஆசிரியர் அறையிலே எவ்வாறு உச்சரித்தனர் என்பதை அப்பிள்ளைகள் அறிந்தே வளர்ந்தனர். சிலர் அதனை மறந்தனர்; சிலர் மறக்கவில்லை.

நியமன முறையையும் சிறிது நோக்கவேண்டும். உதவிபெறும் பாடசாலையில் ஆசிரியரை நியமித்தவர் பாடசாலை முகாமையாளர். பெரும்பாலும் அவர் ஒரு குருவானவர். சம்பளத்தின் பெரும் பங்கு அரசாங்கப் பணமாயினும் தெரிவு அவருடையதே. விண்ணப்பத்தோடு முன்னைய அதிபரின் நற்சான்றிதழும், சபைக் குருவின் கடிதமும் இணைக்கப்படும். தோட்டத்துத் துரை ஒருவரின் கடிதமும் இருப்பின் அதன் பலம் தனி. யாரையும் அறியாதவனுக்குச் சான்று கூறுவாரும் இல்லை என்பதே இம்முறையின் அடிப்படைக் குறை. பெண்களைப் பொறுத்தவரை கன்னியர் மடங்கள் ஓரளவு வேறுபட்டிருந்தன. அங்கேயே தங்கிப் படித்து அங்கேயே கற்பிக்கத் தொடங்கிய பெண்ணுக்கு இருப்பிடப் பிரச்சினை இருக்கவில்லை. தோட்டப் பள்ளிக்குத் தனியே செல்லும் ஆசிரியைக்கு அதுவே முதற் பிரச்சினை.

தலைமைப் பதவி இன்னும் எட்டாதது. கண்டித் திரித்துவக் கல்லூரியை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம். 1904 முதல் 1924 வரை அங்கு அதிபராயிருந்த ஏ. ஜி. பிரேசர் தாய்மொழிக் கல்வியை வலியுறுத்தியவர். தாய்மொழி அறியாதவன் தன் மக்களுக்குத் தலைவனாக இயலாதென்று கருதிய முற்போக்காளர். ஆயினும் அக்கல்லூரியில் இலங்கையர் ஒருவர், சி. ஜே. ஊர்லொஃப், அதிபரானது 1957இலேதான். நாட்டின் முன்னணிக் கல்லூரியொன்றின் நிலையே இதுவாயின், தோட்டத்திற் பிறந்தவன் நகரப் பாடசாலையொன்றின் அதிபராவது எவ்வளவு தொலைவு என்பதை ஊகிக்கலாம்.

எனினும் ஏணியில் ஏறினோர் இருந்தனர். மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914இற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஹட்டன் மெதடிஸ்த கல்லூரியிலும் கொழும்பு நாலந்தாவிலும் கற்று, சிறிதுகாலம் ஆசிரியராயிருந்து, பின் தொழிற்சங்கத்திலும் எழுத்திலும் ஈடுபட்டார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். ஆசிரியப் பதவி அவரை அங்கேயே இருத்தி வைக்கவில்லை. ஆனால் லயத்திற்கு வெளியே அவர் வைத்த முதற் காலடிகளுள் அதுவும் ஒன்று.

1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் பெருமளவில் அதன் புறத்தே நின்றன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறத்தாழ 780,000 பேராயிருந்த இந்தியத் தமிழருட் பெரும்பாலோர் அதனால் நாடற்றோராயினர். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ்ப் பின்னர் பதிவு பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. இச்சட்டங்களை வாக்குரிமைப் பறிப்பென்றே நாம் வழக்கமாகப் படிக்கிறோம். அவை தொழில்வாய்ப்புப் பறிப்பும் ஆகும் என்பது 1960இன் பின்னரே முழுமையாகப் புலப்பட்டது.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவிபெறும் பாடசாலைகளை அரசுடைமையாக்கின. கண்டித் திரித்துவக் கல்லூரி போன்ற சில, தனியார் பாடசாலைகளாக நிற்கத் துணிந்தன. மலைநாட்டு நகரங்களின் மிஷன் பாடசாலைகளுக்கு அத்துணை வளமில்லை. ஹைலன்ஸ் முதலியன அரசாங்கப் பாடசாலைகளாயின. மத நிறுவனங்களின் பிடியிலிருந்து கல்வி விடுபட்டதென்று நாட்டிற் பெரும்பாலோர் மகிழ்ந்தனர். சைவ மாணவர்க்கும் சைவ ஆசிரியர்க்கும் அது விடுதலையே என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மலைநாட்டின் கண்ணோடு நோக்கின் கணக்கு வேறாகின்றது. முன்பு வாயிலில் நின்றவர் முகாமையாளர். அவர் மனம் வைத்தால் நாடற்ற ஒருவனையும் நியமிக்க முடிந்தது; நற்சான்றைத் தேடிப் பெறவும் முடிந்தது. இப்போது வாயிலில் நின்றது குடியுரிமைப் பத்திரம். அதனைத் தேடிப் பெறும் வழி ஏழை விண்ணப்பதாரிக்கு இல்லை. பரீட்சையில் தேறிய நாடற்ற இளைஞனுக்கு எஞ்சியிருந்தது, அரசு இன்னும் ஏற்காத ஒற்றையாசிரியர்த் தோட்டப் பள்ளியே. தன் திறமையைக் காட்டி வெளியேறிய இடத்திற்கே அவன் திரும்ப அனுப்பப்பட்டான். மிஷன் முறையின் தயவைவிட அரசின் சட்டம் கடுமையாயிற்று என்று நான் கூறுவது மிஷன் முறையைப் புகழ்வதற்காகவன்று. தயவில் வாழ நேர்ந்தவர்க்குத் தயவு மறைந்தபோது உரிமை அவ்விடத்தை நிரப்பவில்லை என்பதைக் காட்டவே.

இதே காலப்பகுதியில் ஹைலன்ஸ் கல்லூரியில் நிகழ்ந்தது தனியே குறிப்பிடத்தக்கது. மலைநாட்டைச் சேர்ந்த இர. சிவலிங்கம் அங்கு ஆசிரியராகவும் அதிபராகவும் பணியாற்றினார், எஸ். திருச்செந்தூரனும் அங்குக் கற்பித்தார். பாடத்தோடு எழுத்தார்வத்தையும் சமூக உணர்வையும் அவர்கள் மாணவரிடையே விதைத்தனர். அறுபதுகளில் எழுந்த மலையக இலக்கிய விழிப்பைப் பற்றிப் பேசுவோர் அவ்வகுப்பறைகளைக் கடந்து செல்லமுடியாது. தம்மைப் போன்ற ஒருவர் அதிபர் நாற்காலியில் அமர்ந்திருப்பதைக் காணும் மாணவனுக்கு அதனினும் பெரிய பாடம் வேறில்லை. எழுபதாண்டுகளாக அக்கல்லூரி கற்பிக்காத பாடம் அது.

அவ்வாய்ப்பும் நெடிது நிலைக்கவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தலைமன்னாரிற் கப்பலேறியோருடன் படித்தோரும் சென்றனர். எழுபதுகளின் பஞ்சமும் 1977ஆம் ஆண்டின் வன்செயலும் எஞ்சியோரையும் அசைத்தன. சிவலிங்கமே பின்னாளில் தமிழகம் சென்று, தாயகம் திரும்பியோரின் நலனுக்காக உழைத்தார். ஒரு தலைமுறை ஆசிரியரை உருவாக்க எண்பதாண்டு சென்றது. அவர்களை இழக்கப் பத்தாண்டு போதுமாயிருந்தது.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகியதைத் தொடர்ந்து, எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகளும் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. பள்ளிகள் கிடைத்தன, ஆசிரியர் இல்லை. வெளி மாவட்டங்களிலிருந்து நியமனம் பெற்றோர் கடிதங் கிடைத்த நாள் முதலே இடமாற்றத்திற்கு விண்ணப்பித்தனர். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. தங்க வீடில்லாத மலையில், மழையிலும் பனியிலும் நான்கு மைல் நடந்து செல்லவேண்டிய பள்ளியை யார் விரும்புவர்? தோட்டத்திற் பிறந்த இளைஞரையே ஆசிரியராக்குதலன்றி வேறு வழியில்லை என்பது எண்பதுகளிலேதான் அதிகாரிகட்குப் புலனாயிற்று. சுவீடன் நாட்டின் உதவித் திட்டமும் அக்காலத்ததே. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை அளித்தது. 1992இல் ஜேர்மனிய உதவியுடன் கொட்டகலைக்கு அருகே பத்தனையிலே ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி திறக்கப்பட்டது. திருநெல்வேலியின் உபதேசியார் முதன்முதலாக மலையேறி வந்து 138 ஆண்டுகள் கழிந்தபின், மலைநாட்டின் ஆசிரியரை மலைநாட்டிலேயே பயிற்றுவதற்கெனக் கருதி எழுப்பிய அக்கல்லூரியிலும், மலைநாட்டு இளைஞர்க்கு எத்தனை இடம் என்பதே முதற் சர்ச்சையாயிற்று.