மோட்டார் காரும் ஒலிப் பெருக்கியும்

ஓடுகின்ற காரில் அமர்ந்தபடி பாட்டுக் கேட்பது இன்று எவருக்கும் வியப்பைத் தருவதில்லை. பாட்டு நின்றுவிட்டால்தான் வியப்பும் வருத்தமும் உண்டாகின்றன. விளக்கு எரிகிறது, எண்கள் ஒளிர்கின்றன, நிலையத்தின் பெயர்கூடத் தெரிகிறது, ஒலி மட்டும் இல்லை. இத்தகைய வேளைகளில் நாம் ஐயுற வேண்டியது, இருக்கைக்கு அடியிலோ பின்பெட்டியின் பக்கச் சுவரிலோ கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் ஒரு சிறு பெட்டியை. ஆம்ப்ளிஃபையர் என்பது அதன் பெயர். தமிழில் பெருக்கி எனலாம். வண்டியைச் செய்த தொழிற்சாலையே அதையும் பொருத்தி அனுப்பிவிடுகிறது. அந்தப் பெட்டி அங்கே எப்படி வந்து சேர்ந்தது, அது ஏன் கெடுகிறது, கெட்டதை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவது ஏன் இத்துணைத் தொல்லையாக இருக்கிறது என்பவற்றை வரலாற்று முறையில் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

என் கருத்தில் இவ்வரலாறு முழுவதும் ஒரே எண்ணைச் சுற்றிச் சுழல்கிறது. அது காரிலுள்ள பாட்டரியின் வோல்ட்டு. பழைய வண்டிகளில் அது 6 வோல்ட்டாக இருந்தது. 1950-களின் நடுப்பகுதியிலிருந்து பெரும்பாலான வண்டிகளில் 12 வோல்ட்டு ஆயிற்று. எஞ்சினைக் கிளப்பவும் விளக்கெரிக்கவும் இது தாராளமாகப் போதும். ஒலியைப் பெருக்குவதற்கோ இது போதவே போதாது. அந்தக் காலத்துப் பெருக்கிகள் வெற்றிடக் குழாய்களால், அதாவது வால்வுகளால் ஆனவை. வால்வின் தகட்டுக்கு இருநூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் வேண்டும். ஆறு வோல்ட்டை வைத்துக்கொண்டு இருநூறுக்கு எங்கே போவது? கார் வானொலியின் முதல் இருபத்தைந்து ஆண்டுக் கதை இந்தக் கேள்விக்கு விடை தேடிய கதையே.

அமெரிக்காவில் சிகாகோ நகரில் 1928-ஆம் ஆண்டு பால் கால்வின் என்பவர் ஒரு சிறு தொழிலைத் தொடங்கினார். வீட்டு வானொலிகளை பாட்டரியின்றி வீட்டு மின்சாரத்திலேயே இயக்க உதவும் கருவியைச் செய்வது அவர் தொழில். அக்கருவியின் தேவை குறையத் தொடங்கவே, அவர் பார்வை காரின்மேல் விழுந்தது. 1930-ஆம் ஆண்டு அட்லாண்டிக் சிட்டியில் வானொலி உற்பத்தியாளர்கள் கூடிய மாநாட்டுக்கு அவர் தம் காரிலேயே வானொலி ஒன்றைப் பூட்டிக்கொண்டு சென்றார். மாநாட்டில் அவருக்குக் கடை இல்லை. வண்டியை வெளியே நிறுத்தி, போவோர் வருவோர் கேட்குமாறு வானொலியை ஒலிக்கச் செய்தார் என்று அந்நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது. மோட்டார் என்னும் சொல்லை வைத்து அவர் அதற்கு இட்ட பெயரே மோட்டரோலா என்பது.

அந்த முதல் தலைமுறைக் கருவிகளைப் பொருத்துவது ஒரு சிறிய கட்டட வேலைக்குச் சமம். கருவி ஓரிடத்தில், ஸ்பீக்கர் ஓரிடத்தில், வானலைக் கம்பி கூரைத் துணிக்குள்ளே. உயர் மின்னழுத்தத்திற்கென்று தனியாக உலர்ந்த பாட்டரிகள் வண்டியின் அடித்தளத்தில் ஒரு பெட்டியில் இருக்கும். அவை தீர்ந்தால் திரும்ப ஊட்ட இயலாது. புதியன வாங்க வேண்டும். இவற்றோடு எஞ்சினின் தொல்லை வேறு. ஸ்பார்க் பிளக்கில் எழும் ஒவ்வொரு தீப்பொறியும் ஒரு சிறு வானொலி நிலையமே அன்றோ! எஞ்சின் ஓடினால் ஸ்பீக்கரில் படபடவென்று ஓசை எழும். பிளக்குகளில் தடைகளையும், டைனமோவில் கண்டென்சரையும் பூட்டித்தான் அதை அடக்கினார்கள்.

1930-களின் தொடக்க ஆண்டுகளில் வைப்ரேட்டர் என்னும் அதிர்வி வந்தது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல எனக்கு ஆசை. என் மேசைமேல் பழைய அதிர்வி ஒன்று இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகக் குப்பி. அடியில் சில ஊசிகள். உள்ளே ஓசையை அடக்க ரப்பர் உறை. அதனுள் மெல்லிய எஃகு நாக்கு ஒன்று, மின்காந்தத்தால் இழுபட்டு, நொடிக்கு ஏறத்தாழ 115 முறை இப்படியும் அப்படியும் ஆடும். ஆடும்போதெல்லாம் பாட்டரியின் மின்னோட்டத்தை வெட்டி வெட்டி, திசைமாற்றி அனுப்பும். நேர் மின்னோட்டத்தை மின்மாற்றியால் உயர்த்த இயலாது. ஆனால் இப்படித் துண்டுபட்ட மின்னோட்டத்தை உயர்த்தலாம். உயர்ந்ததை மறுபடியும் நேராக்கி வால்வுகளுக்கு ஊட்டினால் வேலை முடிந்தது. உலர்ந்த பாட்டரிகள் மறைந்தன.

ஆனால் அந்த நாக்கு ஒரு மணிநேரப் பாட்டுக்கு நான்கு இலட்சம் முறை ஆட வேண்டும். தொடுமுனைகளில் ஒவ்வொரு முறையும் நுண்ணிய தீப்பொறி எழும். நாளடைவில் முனைகள் குழி விழும். சில வேளை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் மின்னோட்டம் பெருகிப் பியூஸ் எரிந்துபோகும். பாட்டு நின்றதும் காரோட்டி வானொலிப் பெட்டியைக் கையால் தட்டுவதும், தட்டியதும் அது பாடுவதும் அந்தக் காலத்தில் பலரும் அறிந்த காட்சி. தட்டியும் பயனில்லாவிட்டால் குப்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறொரு குப்பியைச் செருகுவார்கள். வானொலி விளக்குக்குப் பல்பு மாற்றுவதைவிட அது கடினமான வேலை அன்று.

ஆயினும் அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர் குப்பியை மட்டும் மாற்றி அனுப்பமாட்டார். மின்மாற்றியின் குறுக்கே ஒரு சிறிய கண்டென்சர் இருக்கும். மின்னோட்டம் வெட்டுப்படும்போது எழும் உதைப்பை விழுங்கித் தொடுமுனைகளைக் காப்பது அதன் பணி. அதிர்வி செத்ததற்குக் காரணமே பல வேளைகளில் அந்தக் கண்டென்சர் செத்திருப்பதுதான். அதை மாற்றாமல் புது அதிர்வியைச் செருகினால், சில வாரங்களில் அதுவும் அதே வழியிற் போய்விடும். ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்றுவது அத்தொழிலில் எழுதாத சட்டமாயிற்று.

1947-ஆம் ஆண்டு இறுதியில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதற்கு உயர்ந்த மின்னழுத்தம் தேவையில்லை. கார் பாட்டரியே போதும். 1955-ஆம் ஆண்டு கிரைஸ்லர், பில்கோ ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து முழுவதும் டிரான்சிஸ்டரால் ஆன கார் வானொலியை அறிவித்தன. அதில் 11 டிரான்சிஸ்டர்கள். விலையோ ஏறக்குறைய 150 டாலர். எல்லோராலும் வாங்கத்தக்கதன்று. எனவே சில ஆண்டுகள் ஓர் இடைக்கால ஏற்பாடு நிலவியது: 12 வோல்ட்டிலேயே இயங்குமாறு செய்த சிறப்பு வால்வுகள் முன்னே, ஸ்பீக்கரை இயக்கும் கடைசிப் படியில் மட்டும் ஒரு பெரிய டிரான்சிஸ்டர். 1960-களின் தொடக்கத்தில் வால்வும் விடைபெற்றது. அதிர்வியின் ரீங்காரமும் நின்றது.

அக்காலத்து டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தால் ஆனது, சூட்டைத் தாங்காதது. சூடேறினால் அதனூடே மின்னோட்டம் கூடும். மின்னோட்டம் கூடினால் சூடு இன்னும் ஏறும். இந்தச் சுழலிற் சிக்கினால் சில நிமிடங்களில் அழிவுதான். அதைப் பருமனான உலோகத் தகட்டில் பூட்டி வைத்ததும், எரிந்து அறுபட்டு அதைக் காக்கும் ஒரு சிறு தடையைச் சேர்த்ததும் இதனாலேயே. பின்னர்ச் சிலிக்கன் வந்து இந்தத் தொல்லையைப் பெரிதும் குறைத்தது.

இனி ஒரு சிறு கணக்கு. 12 வோல்ட்டு பெறும் எளிய பெருக்கி, ஸ்பீக்கருக்கு நடுநிலையிலிருந்து மேலே 6, கீழே 6 வோல்ட்டே தரமுடியும். 4 ஓம் தடையுள்ள ஸ்பீக்கரில் அது 4.5 வாட்டு ஆற்றலே ஆகும். இரண்டு பெருக்கிகளை எதிரெதிராகப் பூட்டி, ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுக்குமாறு செய்தால் ஊசலாட்டம் இரட்டிக்கும். ஆற்றல் நான்கு மடங்காகி 18 வாட்டு ஆகும். அதற்குமேல் இயற்கை இடம் கொடாது. பிறகு பெட்டியின்மேல் 50 வாட்டு என்று அச்சிடுகிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 14.4 வோல்ட்டை எடுத்துக்கொண்டு, ஒலி முற்றிலும் சிதைந்து சதுர அலையாகிவிட்ட நிலையில் கணக்கிட்டால் அந்த எண் வரும். அப்படிப்பட்ட பாட்டை எவரும் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள் என்பது வேறு செய்தி.

மெய்யாகவே கூடுதல் ஆற்றல் வேண்டுமானால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஸ்பீக்கரின் தடையை 2 ஓம், 1 ஓம் என்று குறைப்பது. மற்றொன்று, 12 வோல்ட்டை வெட்டி, மின்மாற்றியால் உயர்த்தி, மீண்டும் நேராக்குவது. ஆம், பழைய அதிர்வியேதான்! எஃகு நாக்குக்குப் பதிலாக டிரான்சிஸ்டர். நொடிக்கு நூற்றுப் பதினைந்துக்குப் பதிலாகப் பல்லாயிரம் முறை. இன்றைய பெரிய கார்ப் பெருக்கி எதைத் திறந்தாலும் உள்ளே அந்தப் பழைய தந்திரம் புதிய உடையில் இருப்பதைக் காணலாம்.

தொழிற்சாலையே தனிப் பெருக்கியைப் பொருத்தும் வழக்கத்துக்கு 1983-ஆம் ஆண்டு முக்கியமானது. அவ்வாண்டு மாதிரி காடிலாக், பியூக், ஓல்ட்ஸ்மொபைல் வண்டிகள் சிலவற்றில் டெல்கோ, போஸ் நிறுவனங்கள் சேர்ந்து செய்த ஒலியமைப்பு இடம்பெற்றது. அமர் போஸ் வங்காளத்திலிருந்து சென்ற விடுதலைப் போராளி ஒருவரின் மகன், எம்.ஐ.டி.யில் பேராசிரியர். கண்ணாடியும் மெத்தையும் நிறைந்த காரின் உள்ளறை ஒலியை எப்படிக் கெடுக்கிறது என்பதை அளந்து, அந்தக் கெடுதலை ஈடுசெய்யுமாறு பெருக்கியையே வடிவமைத்தார்கள். ஒவ்வொரு ஸ்பீக்கர் கூட்டினுள்ளும் அதற்குரிய பெருக்கி. அவை மின்னோட்டத்தை முழுதாகத் திறந்தும் முழுதாக மூடியும் இயங்கும் வகையின. ஆதலால் சூடு குறைவு.

ஒலி அருமையாக இருந்தது. ஆனால் இங்கேதான் பழுதுபார்ப்பவனின் நிலை மாறிற்று என்று நான் கருதுகிறேன். ஸ்பீக்கரும் பெருக்கியும் வண்டியின் வடிவமும் ஒன்றுக்காக ஒன்று அளவெடுத்துத் தைத்தவை ஆகிவிட்டன. கடையில் வாங்கிய 4 ஓம் ஸ்பீக்கரை அதிற் பூட்டினால் ஒலி மெலியும். 1 ஓம் ஸ்பீக்கரைக் கடைப் பெருக்கியிற் பூட்டினால் பெருக்கி எரியும். ஆண்டுகள் பல கழிந்தபின், 1984 முதல் வந்த கார்வெட் வண்டிகளில் இந்தப் பெருக்கிகளின் உள்ளிருந்த மின்பகுபொருள் கண்டென்சர்கள் கசிந்து, ஸ்பீக்கர்கள் பொரிவது போன்ற ஓசையெழுப்பத் தொடங்கின. பொறுமையுள்ளவர்கள் அந்தச் சிறு உறுப்புகளை மட்டும் மாற்றிப் பெருக்கியை உயிர்ப்பித்தார்கள். மற்றவர்கள் எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார்கள்.

இத்தகைய வண்டியில் ஒலி நின்றால் என்ன செய்வது? முதலில் குறியைப் பார்க்க வேண்டும். எல்லா ஸ்பீக்கர்களும் ஒருங்கே ஊமையானால் பெருக்கிக்கு மின்சாரம் வருகிறதா என்று அளக்கவேண்டும்: பியூஸ், பூமிக் கம்பி, வானொலி போட்டதும் பெருக்கியை எழுப்பும் மெல்லிய கம்பி ஆகிய மூன்றும். வண்டியின் உலோகத்தில் பூட்டிய பூமிக் கம்பி துருப்பிடித்து விட்டுப்போவது மிகச் சாதாரணம். பின்பெட்டியில் மழைநீர் ஒழுகிப் பெருக்கியை நனைப்பதும் அப்படியே. ஒரு ஸ்பீக்கர் மட்டும் ஊமையானால், பெருக்கியிலிருந்து செல்லும் இரண்டு ஸ்பீக்கர்களின் கம்பிகளை இடம் மாற்றிப் பார்க்கலாம். ஊமைத்தனம் ஸ்பீக்கரோடு நின்றால் குற்றம் ஸ்பீக்கரில் அல்லது கம்பியில். இடம் மாறினால் குற்றம் பெருக்கியில் அல்லது அதற்கு முன்னே. எஞ்சின் வேகத்தோடு ஏறியிறங்கும் ஊளை கேட்டால் மின்னாக்கியையும் பூமிக் கம்பியையும் ஐயுறலாம். பெருக்கிதான் செத்தது என்று உறுதியானாலும், புதியதைப் பூட்டுமுன் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தடையையும் மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். கதவின் கீல் அருகே நைந்த கம்பி உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், பழைய பெருக்கியைக் கொன்றது அதுவாக இருக்கலாம், புதியதையும் கொன்றுவிடலாம். அதிர்விக்கு அருகில் இருந்த கண்டென்சரை நினைத்துக்கொள்ளுங்கள்.

2001-இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ 7 வரிசைக் கார் இதற்கு மற்றொரு முடிச்சைச் சேர்த்தது. வானொலி, பெருக்கி முதலிய கருவிகளை ஒளி செல்லும் பிளாஸ்டிக் இழை ஒன்று வளையமாக இணைத்தது. மோஸ்ட் என்பது அந்த முறையின் பெயர். ஒளி ஒவ்வொரு கருவியின் வழியாகவும் புகுந்து வெளிவந்தாக வேண்டும். ஒரு பெருக்கி செத்தால் வளையம் அறும். குற்றமற்ற மற்றக் கருவிகளும் வாய் மூடும். தொழில் தெரிந்தவர்கள் ஒரு சிறு இழைத்துண்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கருவியாக வளையத்திலிருந்து விலக்கி, ஒலி திரும்புகிற இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். அதன்பின் புதிய பெருக்கியைப் பூட்டினாலும் பல வண்டிகளில் அது உடனே பாடாது. வண்டியின் கணிப்பொறிக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டும். அதற்குரிய மென்பொருள் உற்பத்தியாளரிடம் இருக்கும்.

குப்பியைப் பிடுங்கிக் குப்பியைச் செருகிய காலத்தில் எவரும் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ஆம் ஆண்டு இது பொது வாக்கெடுப்புக்கே வந்தது. உற்பத்தியாளர்கள் தம் முகவர் பட்டறைகளுக்குத் தரும் பழுதறியும் செய்திகளையும் கருவிகளையும் வண்டியின் உரிமையாளருக்கும் மற்றப் பட்டறைகளுக்கும் விற்க வேண்டும் என்பதை வாக்காளர்கள் மிகப் பெரும்பான்மையால் ஏற்றனர். கம்பியில்லா வழியில் வண்டி அனுப்பும் செய்திகளுக்கும் அவ்வுரிமை வேண்டும் என்று 2020-இல் மீண்டும் வாக்களித்தனர். அந்த மாதமே உற்பத்தியாளர் சங்கம் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.