வீதியில் தடை — அவையில் தலைமை!

வரலாற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நம் சட்டமன்றத்தின் அவைத் தலைவர்களாக வீற்றிருந்தவர்களின் பெயர்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். தேர்வுக்கு வரக்கூடிய வினா. ஆகவே மாணவர்கள் மளமளவென்று குறித்துக்கொண்டனர். ஒரு மாணவி மட்டும் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "ஐயா, இதில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லையே, ஏன்?" என்றாள்.

பட்டம் பெற்றவன் நான். ஏடுகள் பலவற்றைப் புரட்டியவன். ஆயினும் உடனே விடை சொல்ல நா எழவில்லை. "நாளை சொல்கிறேன்" என்றேன். அந்த நாளைய விடைதான் இக்கட்டுரை.

சட்டமன்றம் என்பது என்ன? உள்ளே அமர்பவர் பட்ட துன்பம் அங்கே தீர்மானமாகிறது, தீர்மானம் சட்டமாகிறது. வெளியே நிற்பவரின் கண்ணீரோ கணக்கில் வருவதில்லை. ஆகவே, எவர் உள்ளே வந்தார், எந்த வாயில் வழியாக வந்தார் என்று கேட்பதே அம்மன்றத்தின் உண்மை வரலாறாகும்.

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் புதிய சட்டசபை அமைந்தது. மக்கள் ஏறத்தாழ நாலு கோடி. வாக்குரிமை பெற்றவரோ ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம்! நிலவரி செலுத்தியவனுக்கு வாக்கு. நிலத்தில் உழுதவனுக்கு இல்லை. தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 இடங்களில் 28 இடங்கள் பார்ப்பனரல்லாதாருக்கென ஒதுக்கப்பட்டன. 1920 நவம்பரில் தேர்தல். காங்கிரசு விலகி நின்றது. நீதிக் கட்சி 63 இடங்களைப் பெற்றது. சுப்பராயலு ரெட்டியார் முதல் அமைச்சரானார். அடுத்த ஆண்டே பனகல் அரசர் அப்பொறுப்பை ஏற்றார். அவைத் தலைவராக ஆளுநர் அமர்த்தியவர், கொச்சியிலும் திருவிதாங்கூரிலும் திவானாக இருந்த பெ. இராசகோபாலாச்சாரியார்.

நூற்றாண்டுக் கணக்கில் மூடிக்கிடந்த கதவு திறந்தது, உண்மைதான். ஆனால் அதன் வழியே முதலில் நுழைந்தவர்கள் யார்? ஜமீன்தார்கள், வழக்கறிஞர்கள், செல்வம் படைத்தோர்! இதை மறைத்துப் பயனில்லை. வரலாறு எழுதுபவன் தனக்கு வேண்டியவரின் குறையையும் எழுதத்தான் வேண்டும்.

நிலமும் இல்லை, வாக்கும் இல்லை என்றிருந்த ஒடுக்கப்பட்ட மக்களின் குரல் எப்படி உள்ளே சென்றது? நியமனம் என்ற சிறு சாளரத்தின் வழியே சென்றது. எம். சி. ராஜா அவ்விதம் வந்தவர். இழிவு தொனிக்க வழங்கிய 'பஞ்சமர்' முதலிய பெயர்களை ஒழித்து, ஆதிதிராவிடர், ஆதி ஆந்திரர் என வழங்க வேண்டும் என்று 1922இல் தீர்மானம் கொண்டுவந்தார், வென்றார். மறு ஆண்டே நீதிக் கட்சியைவிட்டு விலகினார். பெயர் மாறியது, வாழ்வு மாறவில்லை என்ற மனக்குறை அவர் மக்களுக்கு இருந்ததில் வியப்பென்ன?

1923இல் இரட்டைமலை சீனிவாசன் நியமன உறுப்பினரானார். அறுபதைக் கடந்த முதியவர். இளமையிலேயே தம் மக்களுக்காக ஏடு நடத்தியவர். 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் என்ன தெரியுமா? புதிய வரி பற்றியா? பெரிய அணை பற்றியா? பொதுத் தெருவில் எவரும் நடக்கலாம். பொதுக் கிணற்றையும் குளத்தையும் எவரும் பயன்படுத்தலாம். பொது அலுவலகத்துக்குள் எவரும் செல்லலாம் என்ற தீர்மானம்!

சிந்தித்துப் பாருங்கள். தெருவில் நடக்க ஒரு தீர்மானம்! நாய் நடந்த தெரு. மாடு நடந்த தெரு. மனிதன் நடப்பதற்கு மட்டும் சட்டசபையின் ஒப்புதல்! சபை அதை ஏற்றது. ஊர் உடனே ஏற்றதா? இல்லை. எனினும், தடுப்பவன் பக்கம் இருந்த அரசின் மௌனம் அன்று கலைந்தது.

பெண்கள் கதைக்கு வருவோம். 1921இல் இந்தச் சபை பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. இந்திய மாகாணங்களில் இதுவே முதல். அங்கும் சொத்து என்ற தடை இருந்தது; சொத்துடைய பெண்கள் எத்தனை பேர்! 1926இல் பெண்கள் தேர்தலில் நிற்க வழி பிறந்தது. கமலாதேவி சட்டோபாத்யாய நின்றார். சொற்ப வாக்கு வேறுபாட்டில் தோற்றார். எனவே முதல் பெண் உறுப்பினரும் நியமனச் சாளரத்தின் வழியாகவே வர வேண்டியதாயிற்று. அவர்தான் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. 1927இல் சபை அவரைத் துணைத் தலைவராக ஒருமனதாய்த் தேர்ந்தது.

அவர் என்ன பேசினார்? பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் கொடுமையைப் பேசினார். அந்தக் குலத்தில் பிறந்த தாயின் மகள் அவர். அந்தத் துயரை ஏட்டில் படித்து அறிந்தவரல்லர். அவர் முயற்சியால் 1929இல் வந்த சட்டம், மானிய நிலத்தை வைத்திருந்த பெண்களைக் கோயில் ஊழியக் கட்டிலிருந்து விடுவித்தது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் சட்டம் 1947இல் நிறைவேறியது. அவர் உள்ளே இல்லாதிருந்தால் அந்தப் பேச்சை யார் தொடங்கியிருப்பார்?

1937இல் பேரவை 215 உறுப்பினர்களோடு விரிந்தது. புலுசு சாம்பமூர்த்தி தலைவர். ருக்மிணி லட்சுமிபதி துணைத் தலைவர். அடுத்து வந்தது 1946. அவைத் தலைவராக ஜெ. சிவசண்முகம் பிள்ளை தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒடுக்கப்பட்ட சமுதாயத்தில் பிறந்தவர். முன்பே சென்னை மாநகர மேயராக இருந்தவர்.

அவைத் தலைவர் நுழைந்தால் அனைவரும் எழுந்து நிற்பர். அவர் இசைவு தந்தால்தான் எவரும் பேசலாம். அவரை விளித்தே பேச வேண்டும். அவர் எழுந்தால் பேசுபவர் அமர வேண்டும். அமைச்சரானாலும் எதிர்க்கட்சித் தலைவரானாலும் இதுவே விதி. 1924இல் தெருவில் நடக்கத் தீர்மானம் தேவைப்பட்ட மக்களில் ஒருவர், 22 ஆண்டுகளில் அந்த நாற்காலியில் அமர்ந்தார்! வயது வந்தோர் அனைவரும் வாக்களித்து 1952இல் அமைந்த 375 பேர் கொண்ட பேரவைக்கும் அவரே தலைவர். 1955 வரை வீற்றிருந்தார்.

இத்தோடு கதையை முடித்தால் இனிக்கும். ஆனால் கணக்கு முடியவில்லை. அந்தச் சமுதாயங்களிலிருந்து அடுத்த அவைத் தலைவராகத் தனபால் வந்த ஆண்டு 2012. இடைவெளி 57 ஆண்டுகள்!

பெண்களின் கணக்கோ இன்னும் கசப்பானது. முத்துலட்சுமி ரெட்டி, ருக்மிணி லட்சுமிபதி, 1946இல் அம்மண்ண ராஜா எனத் துணைத் தலைவர் நாற்காலிவரை பெண்கள் வந்தனர். முதலமைச்சராகவும் பெண்கள் ஆண்டதுண்டு. ஆனால் வாக்குரிமை கிடைத்த 1921 முதல் 2021 வரை, நூறு ஆண்டுகளில், அவைத் தலைவர் பதவியை ஒரு பெண்ணும் ஏற்கவில்லை. 2021இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 234 உறுப்பினர்களில் பெண்கள் பன்னிருவர், நூற்றுக்கு ஐந்து! மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் திருத்தத்தை 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே என்ற நிபந்தனையோடு!

"தகுதி இருந்தால் தானாக வருவார்கள்" என்போர் உண்டு. தெருவில் நடக்கத் தகுதி வேண்டுமென்று சொன்னவர்களின் பேரர்கள் அவர்கள்! எம். சி. ராஜாவுக்கும் இரட்டைமலை சீனிவாசனுக்கும் முத்துலட்சுமிக்கும் தகுதி முன்பே இருந்தது, இடம்தான் இல்லாதிருந்தது. இடம் கிடைத்தது, அதன் பின்னரே நாடு அவர்தம் தகுதியைக் கண்டது.

மறுநாள் வகுப்பில் இவை அனைத்தையும் சொன்னேன். கரும்பலகையில் இருந்த பட்டியலின் அடியில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டேன். "இந்த இடம் எதற்கு, ஐயா?" என்று கேட்டான் ஒரு மாணவன். நான் பேசவில்லை. முன்தினம் வினவிய அந்த மாணவி சொன்னாள்: "அது தேர்வுக்கு அல்ல."