ஆர்ட்டன் ஒளிர்வு

ஆர்ட்டன் ஒளிர்வு என்பது, கூர்மையான உருவப்படத்தோடு அதன் மங்கலாக்கிய நகலைக் கலந்து, முகத்தின் ஒளிமிகுந்த பகுதிகளைச் சுற்றி மென்மையான ஒளிக்கசிவைத் தோற்றுவிக்கும் படத்திருத்த முறையாகும். கனடிய ஒளிப்படக் கலைஞர் மைக்கேல் ஆர்ட்டன் 1980களில், ஒரே காட்சியைத் துல்லியமாக ஒருமுறையும் குவியம் விலக்கி மறுமுறையும் ஸ்லைடு பிலிமில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதிலிருந்து இது பிறந்தது. அடுக்கும்போது இரு பிலிம்களின் கருமையும் கூடிவிடும் என்பதால், இரண்டும் வழக்கத்தைவிட மிகுதியான ஒளியில் பதிவுசெய்யப்பட்டன.

போட்டோஷாப் போன்ற மென்பொருள்களில், லேயர் எனப்படும் பட அடுக்கை நகலெடுத்து, காஸியன் பிளர் என்னும் மங்கலாக்கத்தை இட்டு, கலப்பு முறையை ‘ஸ்கிரீன்’ என மாற்றுவர். இம்முறை இரு அடுக்குகளின் ஒளிமதிப்புகளையும் தலைகீழாக்கிப் பெருக்கி, விடையை மீண்டும் தலைகீழாக்குகிறது, ஆகவே 0.5 மதிப்புடைய இரு புள்ளிகள் கலந்து 0.75 ஆக, இரு அடுக்கிலும் முழுக் கருமையாய் உள்ள புள்ளி அப்படியே நிற்கிறது. படம் வெளிறாதிருக்க நகல் அடுக்கின் ஒளிபுகாமையைக் குறைக்க வேண்டும். மங்கலின் ஆரத்தைப் படத்தில் முகம் அடைத்திருக்கும் பரப்பை வைத்தே முடிவுசெய்ய வேண்டுமாதலால், அதற்கு நிலையான அளவு கூறுவது தவறு. எல்லாவற்றினும் முதன்மையானது மாஸ்க் எனப்படும் மறைப்பு: கண்ணும் இமைமயிரும் உதட்டோரமும் அதனால் காக்கப்படாவிடில், தோலோடு சேர்ந்து பார்வையின் உயிர்ப்பும் மங்கிவிடுகிறது.