பல்லில் பிடித்த கூடை

பழவேற்காட்டின் வரலாற்றைத் தேடிப் போகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது கல். டச்சுக்காரர்கள் 1609இல் வந்தார்கள். 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுவே தலைமையிடம். கோட்டை அழிந்துவிட்டது. கல்லறைத் தோட்டம் மிஞ்சியிருக்கிறது. யார் எந்த ஆண்டு இறந்தார் என்பதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது.

இங்கிருந்து துணி கப்பலேறியது. கட்டம்போட்ட கைலிக்கு மலாய் மொழியில் இன்றும் 'பெலிக்காட்' என்றே பெயர். ஊரின் பெயர் துணியில் ஒட்டிக்கொண்டது. நூல் நூற்ற பெண்களின் பெயர் எதிலும் ஒட்டவில்லை. அதே துறையில் மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அவர்களில் யாருக்கும் இங்கே கல் இல்லை.

கல்லில் ஏறாத வரலாற்றை நான் தண்ணீரில் தேடுகிறேன். இந்த ஏரியிலும் அதை ஒட்டிய கால்வாய்களிலும் இருளர் பெண்கள் வெறுங்கையால் இறால் பிடிக்கிறார்கள். கலங்கிய நீரில் கண்ணுக்கு வேலையில்லை, விரல்தான் பார்க்கிறது. சேற்றில் ஒதுங்கிய இறாலை, அது துள்ளுவதற்குள் கை மூடிவிடுகிறது. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துப் பிடித்துக்கொள்கிறார்கள். மாயம் என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் மாயம் என்று வியந்து நகர்ந்துவிட்டால், அது பழகிப் பழகிக் கைக்கு வந்த அறிவு என்பது மறைந்துபோகும்.

கரைக்கு வந்த மீனைத் தரம்பிரித்து, விலைபேசி விற்று, மிஞ்சியதைக் குழம்பாக்கிப் பிள்ளைகளுக்குப் போடுவதும் பெண்கள்தான். இதை அன்பு என்கிறோம். அன்புதான். ஆனால் அந்தப் பெயர் வைத்ததுமே அது வேலைக்கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது.

பட்டினவர் ஊர்களில் 'பாடு' என்றொரு முறை உண்டு. எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது. ஏரியைப் பொதுவில் வைத்து வாழக் கற்ற சமூகத்தின் அழகான ஏற்பாடு அது. எனக்கு அதன்மேல் பெருமதிப்பு உண்டு. ஆனால் சீட்டில் ஏறுவது ஆணின் பெயர். கையால் இறால் தடவும் இருளர் பெண்ணோ அந்த வட்டத்துக்கே வெளியே நிற்கிறாள்.

ஆகவே, நன்றி என்ற சொல்லை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுக்கிறேன். உழைப்பவரைப் புகழ்ந்துவிட்டு உரிமையை மறந்துபோக அது வசதியான சொல். முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கடல்நீர் உள்ளே வராது. இறால் குஞ்சும் வராது. சேற்றில் துழாவும் கைக்கு அது அன்றன்றே தெரிந்துவிடும். ஏரியைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் அந்தக் கைக்காரிக்கு நாற்காலி போட்டு, அவள் சொல்வதை அவள் பெயரோடு எழுதிக்கொள்ள வேண்டும். நன்றியை அங்கிருந்து தொடங்கலாம்.