ஸ்பாஸ்டிக்

'இழு' எனப் பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து வந்த மருத்துவச் சொல். தசை இறுகி இழுத்துக்கொள்ளும் நிலையைக் குறிப்பது. பிரிட்டனில் மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளின் பெற்றோர் 1952-இல் தொடங்கிய சங்கம் இதைப் பெயரிலேயே தாங்கியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் 'ஸ்பாஸ்' என்று ஒருவரையொருவர் ஏசி ஏசிச் சொல் நாறிப்போக, 1994-இல் சங்கம் 'ஸ்கோப்' ஆனது.

அமெரிக்கக் காதுக்கு 'ஸ்பாஸ்' என்பது 'தத்துப்பித்து' அளவுதான். 2006-இல் கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ் தன் ஆட்டத்தைத் தானே அப்படித் திட்டிக்கொண்டார். தன்னைத்தானே திட்டியதற்கா என்று கேட்கலாம். ஆனாலும் பிரிட்டன் கொதித்தது, அவர் மன்னிப்புக் கேட்டார். 2022-இல் பாடகி லிஸ்ஸோ அச்சொல் இருந்த பாட்டு வரியையே மாற்றிப் பதிவு செய்தார். நம் ஊரில் 'ஸ்பாஸ்டிக்' வசைச்சொல்லாகவே இறங்கவில்லை; சென்னை தரமணியில் தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம் அந்தப் பெயரோடுதான் அறியப்படுகிறது.