தள்ளுவண்டிக்கு ஓர் அறை

1991இல் வியன்னாவில் ஒரு புகைப்படக் கண்காட்சி. எட்டுப் பெண்கள், நகரில் அவர்களுடைய ஒரு நாள். அவ்வளவுதான் அதன் பொருள். அமைத்தவர்களில் ஒருவர் நகரத் திட்டமிடலாளர் எவா கைல். மறு ஆண்டே மாநகராட்சியில் பெண்களுக்கென ஓர் அலுவலகம் பிறந்தது.

1997இல் புறநகர்ப் பகுதியான ஃபுளோரிட்ஸ்டார்ஃபில், பெண் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த 357 வீடுகள் எழுந்தன. மாடிதோறும் குழந்தைத் தள்ளுவண்டி நிறுத்த அறை. வளாகத்துக்குள்ளேயே மழலையர் பள்ளி. அடுப்படியில் நின்றபடியே முற்றத்தில் ஆடும் பிள்ளையைப் பார்க்கலாம். இடுப்பில் குழந்தையும் கையில் காய்கறிப் பையுமாகப் படியேறியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

பூங்காக்களின் கதை வேறு. பத்து வயதை நெருங்கியதும் சிறுமிகள் அங்கே வருவது சட்டெனக் குறைந்தது. பந்தோடு வந்த பையன்கள் இடத்தை வளைத்துக்கொண்டார்கள். 1999இல் ஐன்சீட்லர் பூங்காவில் கைப்பந்து, பூப்பந்து ஆட இடம் ஒதுக்கினார்கள், நடைபாதை போட்டார்கள்.

சிறுமிகள் திரும்பி வந்தார்கள்.